துறைமுகம் உண்டு, ஊர் இல்லை: போர் விளையாட்டு இரசிகர்களின் எழுத்தில் திருகோணமலை

தரம் பத்து மாணவன் ஒருவனின் வரலாற்றுக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அதன் பின்பக்கத்தில் ஆறு பக்கங்கள் நெருக்கி எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். 1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படை திருகோணமலையில் கரையிறங்குகிறது. கோட்டை விழுகிறது. ஆங்கிலேய லெப்டினன்ட் ஒருவன் எஞ்சிய சிப்பாய்களுடன் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர்ப் பக்கம் தப்பி வருகிறான். எல்லாம் அந்த லெப்டினன்ட்டின் நாட்குறிப்பாக எழுதப்பட்டிருந்தது. நான் வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்து, “பிழை. ஜப்பான் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கியது, கைப்பற்றவில்லை” என்று ஓரத்தில் எழுதினேன்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சேர், அது வரலாறு இல்ல. கேம்ல நான் ஆடின ஆட்டம். அதத்தான் கதையா எழுதினன்.”

வெளிநாட்டில் வேலை செய்யும் அவனுடைய காக்கா விடுமுறையில் வந்தபோது விட்டுச்சென்ற கணினியில் ‘ஹார்ட்ஸ் ஒஃப் அயன்’ என்ற விளையாட்டு இருந்திருக்கிறது. உலக வரைபடத்தின் மேல் படைகளையும் கப்பல்களையும் நகர்த்தி, இரண்டாம் உலகப் போரை மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு அது. ஆடியவர்கள் தமது ஆட்டத்தைக் கதையாக எழுதிப் பிறருக்கு வாசிக்கக் கொடுப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம் என்றான். காக்கா சேர்த்துவைத்திருந்த ஆங்கில எழுத்துகள் சிலவற்றையும் கொண்டுவந்து தந்தான்.

வீடியோ கேம் என்றதும் பிள்ளைகளைக் கெடுக்க வந்த சாமான் என்று முடிவுகட்டிவிடும் வாத்திமார் வரிசையில் நானும் ஒருவன். அந்த எண்ணம் முழுதாக மாறிவிட்டது என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆயினும் இரண்டு மாத காலம் அந்த எழுத்துகளையும் அவற்றின் வரலாற்றையும் தேடி வாசித்தபின், இலக்கியம் பேசுகின்ற நாம் இதை அறியாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த எழுத்துகளில் நமது துறைமுகம் வருகிறது. எவ்வாறு வருகிறது என்பது நாம் கவனிக்க வேண்டியது.

அறிக்கை கதையான விதம்

போர் முடிந்தபின் படைத்தளபதி மேலிடத்திற்கு ஓர் அறிக்கை அனுப்புவார். எந்த நேரம் புறப்பட்டோம், எங்கே எதிரியைச் சந்தித்தோம், எத்தனை பேரை இழந்தோம் என்று அது வரிசையாகச் சொல்லும். போர் விளையாட்டு ஆடுவோர் இந்த இராணுவ வழக்கத்தைக் கடன்வாங்கி, தமது எழுத்துக்கும் ‘நடவடிக்கைக்குப் பிந்திய அறிக்கை’ என்றே பெயரிட்டுக்கொண்டனர்.

சுவீடன் நாட்டின் பரடொக்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ என்ற விளையாட்டையும், 2002இல் ‘ஹார்ட்ஸ் ஒஃப் அயன்’ விளையாட்டின் முதலாம் பாகத்தையும் வெளியிட்டது. என் மாணவன் ஆடியது 2016இல் வந்த நான்காம் பாகம். இவற்றை ஆடுவோரிடையே இந்த அறிக்கை எழுத்து வேகமாகப் பரவியது. அமெரிக்கரான கேரி கிரிக்ஸ்பி முதலானோர் வடிவமைத்த ‘வோர் இன் த பசிபிக்’ 2004இல் வெளிவந்தது. 2009இல் அதன் விரித்த பதிப்பு வந்தது. இது 1941 டிசம்பர் 7ஆம் திகதி தொடங்குகிறது. பெரும்பாலோர் ஒரு நகர்வுக்கு ஒரு நாள் என்றே ஆடுவர். எதிரெதிரே இருக்கும் இருவர் தமது நகர்வை மின்னஞ்சலில் மாறி மாறி அனுப்பிக்கொள்வர். முழுப் போரையும் ஆடி முடிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர்வுகள் தேவை. எனவே ஓர் ஆட்டம் உண்மைப் போரைவிட அதிக ஆண்டுகள் நீள்வதும் உண்டு. அத்தனை ஆண்டுகளும் ஆடியவர் எழுதிக்கொண்டே இருப்பார். வாசகர்கள் அடுத்த பகுதிக்காகக் காத்திருப்பார்கள். நமது பத்திரிகைகளில் தொடர்கதை வந்த காலத்து வாசகர் மனநிலையை இதனோடு ஒப்பிடலாம்.

இவ்வெழுத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வெறும் கணக்கு. இத்தனை கப்பல் மூழ்கியது, இத்தனை விமானம் விழுந்தது என்பதோடு முடிந்துவிடும். இரண்டாவது வரலாற்று நூலின் நடையில் எழுதப்படுவது. நடக்காத போருக்குக் காரணமும் விளைவும் கூறி, வரலாற்றாசிரியரின் குரலில் பேசும். மூன்றாவது வகைதான் நமக்கு முக்கியமானது. விளையாட்டு ஓர் எண்ணை மட்டும் தருகிறது. எழுதுபவர் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதனை வைக்கிறார். எண்ணெய்க் கப்பலின் சமையற்காரன், மனைவிக்குக் கடிதம் எழுதும் விமானி, தோற்கப்போவது தெரிந்தும் கட்டளையிட வேண்டியிருக்கும் தளபதி என்று பாத்திரங்கள் உருவாகின்றன. எழுத்துப் பிழையும் மிகையும் மலிந்தவை பல. சிலவற்றில் நல்ல சிறுகதைக்குரிய அமைதி உண்டு.

பழைய வழக்கமே

விளையாட்டிலிருந்து கதை பிறப்பது கணினி வந்தபின் நேர்ந்த புதுமை அன்று. பிரசியப் படையில் ரைஸ்விற்ஸ் என்பவர் 1824இல் அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடப் போர் விளையாட்டொன்றை வகுத்தார். இன்றைய போர் விளையாட்டுகளின் மூதாதை அதுவே. இரண்டாண்டுகளின் பின், 1826இல், இங்கிலாந்தின் ஹாவர்த் கிராமத்தில் ஒரு பாதிரியார் தம் மகனுக்கு மரத்தாலான பன்னிரண்டு பொம்மைச் சிப்பாய்களை வாங்கிவந்தார. அவருடைய நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு சிப்பாயைத் தெரிந்து பெயர் வைத்து விளையாடினர். பின்னர் அந்தச் சிப்பாய்களுக்கு நாடுகளையும் போர்களையும் படைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் புத்தகங்களாக எழுதினர். 1847இல் ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட் புரொன்ரியும் ‘வதரிங் ஹைட்ஸ்’ எழுதிய எமிலி புரொன்ரியும் அந்தப் பிள்ளைகளுள் இருவர். அன்று ஒரு வாத்தியார் அந்தக் குட்டிப் புத்தகங்களில் சிவப்புப் பேனாவால் ‘பிழை’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற சிறு நூலை எழுதினார். தகரச் சிப்பாய்களையும் பொம்மைப் பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடும் விளையாட்டுக்கு விதிகள் சொல்லும் நூல் அது. தாம் ஆடிய ஓர் ஆட்டத்தை அதில் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் தற்பெருமை பேசும் தளபதியின் குரலுக்கே மாறிவிடுகிறார். இன்றைய இரசிகர்கள் எழுதும் அறிக்கைக் கதைகளுக்கு இதை முன்னோடி எனலாம். இந்த விளையாட்டைச் சில தடவை ஆடிப் பார்த்தாலே உண்மைப் போர் எவ்வளவு மூடத்தனமானது என்பது விளங்கிவிடும் என்ற கருத்தையும் வெல்ஸ் அந்நூலில் சொல்லியிருக்கிறார். மறுவருடமே முதலாம் உலகப் போர் தொடங்கியது.

நம்மிடம் இல்லாததா?

இனிச் சொல்லப்போவதைப் புனிதத்தின் ஒப்பீடாக யாரும் கொள்ளக்கூடாது. எழுதும் முறையை மட்டுமே ஒப்பிடுகிறேன்.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாகப் பாடினார். ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் அவர் பாடி முடிக்கவில்லை. அந்தக் குறை சீறாவை நேசித்தவர்களை உறுத்திக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பனீ அகமது மரைக்காயர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ‘சின்னச் சீறா’ பாடினார். ஒரு நூலின் மேல் கொண்ட நேசம் மிகுந்து, வாசகனே எழுத்தாளன் ஆகும் நிகழ்வு அது.

படைப்போர் இலக்கியங்களை எண்ணிப் பாருங்கள். சக்கூன் படைப்போர், இந்திராயன் படைப்போர், வடோச்சி படைப்போர் என்று நம் புலவர்கள் பாடிய போர்கள் எல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை அல்ல. மக்கள் நெஞ்சில் நிறைந்திருந்த வீரர்களைப் புதிய களங்களுக்கு அனுப்பிப் பாடப்பட்டவை அவற்றுள் பல. அவை வரலாறு அல்ல என்று ஆராய்ச்சியாளர் பின்னர் எழுதினர். அது சரியே. ஆனாலும் அவற்றை இராகம் இழுத்துப் படித்தவர்களுக்கும் சுற்றியிருந்து கேட்டவர்களுக்கும் அவை கொடுத்த மொழிவளம் சிறிதன்று.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் செய்ததும் இதுவே. அந்நாவல் முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். கதை முடிந்தபின்னும் அதை விட்டுப் பிரிய மனமில்லாதவர்கள் எழுதத் தொடங்குகிறார்கள். சீறாவானாலும் நாவலானாலும் கணினி விளையாட்டானாலும் அந்த மனம் ஒன்றுதான்.

1942 ஏப்ரல் 9

இப்போது நமது துறைமுகத்துக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, நகுமோ தலைமையிலான ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் திருகோணமலையைத் தாக்கின. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அந்த அணியில் இருந்தன. எச்சரிக்கை கிடைத்ததால் முதல்நாள் இரவே கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டன. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் குண்டுக்கு இலக்காகின. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றிப் பல நாள் எரிந்தது. அந்தத் தாங்கிகளுள் 99 இன்றும் நிற்கின்றன. வெளியே அனுப்பப்பட்ட ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கியும் அதன் துணைக்கப்பல் ‘வம்பயர்’உம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். துறைமுகத்தில் குண்டுபட்ட ‘சகாயிங்’ என்ற கப்பலை 2018இல்தான் நமது கடற்படையினர் நீருக்கு மேலே கொண்டுவந்தனர்.

இலங்கையைக் கைப்பற்றும் யோசனை அவ்வாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படையில் இருந்தது. தரைப்படை அதற்கு ஆள் தர மறுத்தது. நடக்காமற்போன இந்தத் திட்டந்தான் விளையாட்டு எழுத்தாளர்களைக் கவர்ந்திருக்கிறது. ‘வோர் இன் த பசிபிக்’ வரைபடத்தில் திருகோணமலை பெயரோடு இருக்கிறது. ஜப்பான் பக்கம் ஆடும் பலர் இலங்கைமேல் கண்வைக்கிறார்கள். எனவே நமது துறைமுகம் விழுந்த கதைகளும், கடைசிவரை விழாமல் நின்ற கதைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் ஹேர்மிஸ் தப்பிப் பிழைக்கிறது.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் பெயர் உண்டு. தளபதிக்குப் பெயர் உண்டு. விமானிக்குக்கூடப் பெயர் உண்டு. தளத்தைத் தொட்டால் துறைமுகத்தின் அளவு, விமான ஓடுபாதையின் தரம், அரணின் வலு, எண்ணெய் இருப்பு எல்லாம் இலக்கத்தில் தெரியும். சில பெரிய நகரங்களுக்கு ‘ஆள்வலு’ என்று ஓர் எண்ணும் உண்டு. அந்த ஆட்களுக்கு மட்டும் பெயர் இல்லை. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த கூலி, தோணிக்காரன், சந்தைக்கு மீன் கொண்டுவந்தவன், பள்ளிவாசல் முஅத்தின், கோணேசர் கோயில் பக்தர் எவரும் அங்கே இல்லை. எண்ணுக்குப் பின்னால் மனிதனை வைத்துப் பார்க்கும் அந்த நல்ல எழுத்தாளர்களும், நான் வாசித்த அளவில், கப்பலில் வந்தவனையே வைத்திருக்கிறார்கள். கரையில் இருந்தவனை அவர்கள் அறியார். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் திருகோணமலையைக் கண்டவர்கள் அல்லர். கரையில் இருந்தவனைப் பற்றி அவர்கள் எடுத்து வாசிக்க நாமும் அதிகம் எழுதிவைக்கவில்லை.

என் மூத்தம்மா ‘சப்பான் குண்டு போட்ட கால’த்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடாவுக்கு அந்தப் பக்கம் கரும்புகை எழுந்ததையும், அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் காட்டுப்பக்கம் ஓடியதையும், போன கொஞ்ச நாள் எங்கே தங்கினார்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் சொல்வார். சிறுவயதில் அது எனக்கு அலுப்பான கதை. 2006 ஓகஸ்ட் மாதத்தில் மூதூரில் சண்டை மூண்டு, பல்லாயிரம் பேர் ஊரைவிட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அவ்வாண்டு சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்களும் தமது ஊர்களை விட்டு ஓடினார்கள். எங்கள் வீட்டு அடுப்பிலும் சோறு இருந்தது. அன்றைக்குத்தான் மூத்தம்மாவின் கதை எனக்கு விளங்கியது. கேட்டு எழுதிவைக்க அப்போது அவர் உயிரோடு இல்லை.

இரண்டாம் முறை எழுதியது

மாணவனைக் கூப்பிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டேன்: “உன்ட லெப்டினன்ட் குடாவக் கடந்து வாறான். ஆருட தோணியில வாறான்?”

அவன் விழித்தான். விளையாட்டில் தோணி இல்லை. படை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். ஊரில் வயதானவர்களிடம் போய்க் கேட்டுவரும்படி அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து வந்தான். 1942ஐ நேரே கண்டவர்கள் அநேகமாக இல்லை. கண்டவர்களிடம் கேட்டவர்கள் இருந்தார்கள். பாலங்கள் வருமுன் துறைக்குத் துறை ‘பாதை’க்காகக் காத்துநின்று திருகோணமலை போன கதை, காற்றுக்காலத்தில் குடாவைக் கடக்கப் பாய் கட்டிய விதம், வலையைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரையேறிய கதை என்று பலதையும் கொண்டுவந்தான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபோது அவன் பிறந்தே இருக்கவில்லை. ‘பாதை’ என்றால் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை என்பதையே அப்போதுதான் அறிந்தானாம்.

மீண்டும் எழுதினான். இம்முறை லெப்டினன்ட்டின் நாட்குறிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. மிகுதியைத் தோணிக்காரர் ஒருவர் சொல்கிறார். லெப்டினன்ட் துவக்கைக் காட்டித் தோணியைக் கேட்கிறான். தோணிக்காரர் பயந்துகொண்டே, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்கிறார். லெப்டினன்ட் பதில் சொல்லவில்லை. ஜப்பானியர் வந்தபின் அவர்களும் ஒரு தோணி கேட்கிறார்கள். அவர் அதே கேள்வியை அவர்களிடமும் கேட்கிறார்.

கதை அவ்வளவுதான். மொழியில் இன்னும் பிழைகள் உண்டு. சந்திப் பிழைகளைத் திருத்தினேன், வேறொன்றிலும் கைவைக்கவில்லை. திருகோணமலையைப் பற்றி அந்த விளையாட்டு இரசிகர்கள் எழுதியவற்றில் நான் காணாத ஒரு மனிதர் இந்தப் பையனின் ஆறு பக்கத்தில் இருந்தார்.

ஆசிரியர்களுக்கும் இதழாளர்களுக்கும்

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கட்டுரை கற்பிக்கும் முறை சொல்லித்தரப்பட்டது. ‘ஒரு மழை நாள்’, ‘நான் ஒரு பேனா’ என்ற தலைப்புகளை நாங்கள் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனோம். இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பேனாவாக இருக்க விரும்பாத பிள்ளை, யாரும் கேட்காமலே கொப்பியின் பின்பக்கத்தில் ஆறு பக்கம் எழுதுகிறது. அந்தப் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது ஆசிரியரின் வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, எது நடந்தது, எது கற்பனை என்பதைப் பிள்ளை தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். பரீட்சையில் திருகோணமலை விழுந்தது என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. மற்றது, போரை வெற்றி தோல்விக் கணக்காக மட்டும் பார்க்கப் பழகிவிடக்கூடாது. போரில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் நமது மாவட்டத்தில் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அந்த வீடுகளில் உள்ளவர்களும் வாசிப்பார்கள் என்ற நினைவோடு எழுதப் பழக்க வேண்டும்.

நமது இதழ்கள் இளையோர் பக்கம் ஒதுக்கும்போது இத்தகைய எழுத்துக்கும் இடம் கொடுக்கலாம். கவிதைதான் வேண்டும் என்று கேட்பதால் கவிதை மட்டுமே வருகிறது. விளையாட்டிலிருந்து பிறந்ததா, சினிமாவிலிருந்து பிறந்ததா என்று மூலத்தைப் பாராமல், நம் ஊரையும் நம் மனிதர்களையும் அதற்குள் கொண்டுவந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். 1885இல் சித்திலெவ்வை ‘அஸன்பேயுடைய சரித்திர’த்தை எழுதியபோது நாவல் என்ற வடிவமும் நமக்குப் புதிதாக, வேற்றார் சாமானாகவே இருந்தது.

மாணவனின் கொப்பியில் நான் எழுதிய ‘பிழை’ அழியாமல் இருக்கிறது. வெட்டிவிடவா என்று கேட்டேன். “வேணாம் சேர், இரிக்கட்டும்” என்றான். அதன்கீழ் அவனே இரண்டு வரி எழுதியிருக்கிறான்: ‘1942 ஏப்ரல் 9இல் குண்டு விழுந்தது உண்மை. மற்றது கற்பனை.’